ஒரே சஹனில் ஓர் இடம்

தஞ்சைத் தரணியின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் திருமண விருந்தைச் சஹனில் பரிமாறும் வழக்கம் நிலைத்துள்ளது. அதிராம்பட்டினத்திலும் முத்துப்பேட்டையிலும் ஒரு தட்டைச் சுற்றிச் சிலர் அமர்ந்து உண்பர். செல்வரும் எளியவரும் ஒரே தட்டில் கைவைப்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்வோம். ஆனால் அவ்வட்டத்தில் பார்வையற்ற ஒருவரையோ நடக்க இயலாத ஒருவரையோ எத்தனை முறை கண்டிருக்கிறோம்? பெரும்பாலும் அவருக்குரிய சோறு தூக்குச்சட்டியில் வீட்டுக்குப் போய்விடுகிறது. நாமும் அவ்வாறு அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணியவர்களே.

திருமறையின் அந்நூர் அத்தியாயம் 61ஆம் வசனம் இதனை நேராகவே தொடுகிறது. பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், நோயாளி ஆகிய மூவரையும் குறிப்பிட்டுவிட்டு, பெற்றோர், உடன்பிறந்தார், உறவினர் வீடுகளில் உண்பதைப் பற்றி அது பேசுகிறது. இவ்வசனம் இறங்கியதற்கு விரிவுரையாளர்கள் பல காரணங்கள் கூறுவர். அவற்றுள் ஒன்று வருமாறு: பிறர் பொருளை முறையின்றி உண்ணலாகாது என்ற தடை வந்தபின், தோழர்கள் சிலர் இம்மூவருடன் சேர்ந்துண்ணத் தயங்கினர். பார்வையற்றவர் நல்ல துண்டைக் காணமாட்டார். கால் ஊனமுற்றவரால் நெருங்கி அமர இயலாது. நோயாளியால் நிறைய உண்ண முடியாது. அவர்கள் பங்கை நாம் உண்டுவிடுவோமோ என அஞ்சினர். எண்ணம் தூயது, விளைவோ விலக்கிவைத்தல். வசனம் அத்தயக்கத்தை நீக்கிற்று.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் வாழ்வு இதற்கு விளக்கமாக அமைகிறது. 'அபஸ' அத்தியாயம் அவர்பொருட்டு இறங்கியதை அறிவோம். ரமளானில் பிலால் (ரழி) இரவில் பாங்கு சொல்ல, வைகறைப் பாங்கை இப்னு உம்மி மக்தூம் சொல்வார். மதீனா மக்கள் உண்பதை நிறுத்துவது அவர் குரல் கேட்டே. விடிந்துவிட்டதென்று பிறர் அவருக்கு அறிவிப்பர். பாங்கு சொல்வது அவர். துணை பிறருடையது, பொறுப்பு அவருடையது. நபி (ஸல்) அவர்கள் பயணம் சென்ற வேளைகள் சிலவற்றில் மதீனாவையே அவரிடம் ஒப்படைத்தார்கள்.

விலக்கிவைப்பதன் கடைசி எல்லையையும் நாம் கண்டதுண்டு. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், தர்காவை அடுத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். குணம் நாடி அவர்களை அங்கு விட்டவர்கள் சொந்தக் குடும்பத்தாரே. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்துள்ளது. மாற்றுத்திறனாளிகளுக்குச் சமுதாயத்தின் நடுவே வாழும் உரிமை உண்டென்றும், குறிப்பிட்ட ஓரிடத்தில்தான் வாழவேண்டுமென அவர்களைக் கட்டாயப்படுத்தலாகாதென்றும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவில் கூறுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. இச்சட்டம் 21 வகைகளை ஏற்கிறது.

நம் மஹல்லாக்களில் செய்யவேண்டியவை அரியன அல்ல. பள்ளிவாசல் படிகளை ஒட்டி ஒரு சாய்வுப் பாதை வேண்டும். ஹவுளில் குனிய இயலாதவர் அமர்ந்து ஒளூச் செய்யக் குழாய் வேண்டும். தெருவில் உருண்ட சக்கரத்தின் தூய்மை பற்றிய ஐயம் எழாதிருக்கப் பள்ளிக்குள் தனியே ஒரு சக்கர நாற்காலி வைக்கலாம். செவிப்புலன் குறைந்தோர்க்கு ஜும்ஆ உரையின் சுருக்கத்தை எழுதித் தரலாம். நம் பழைய வீடுகளின் உயர்ந்த திண்ணையும் நிலைப்படியும் ஒருவரை ஆண்டுக்கணக்கில் அறைக்குள் இருத்திவிடக் கூடும். கொத்தனாரின் சில நாள் வேலை அவரைத் தெருவுக்குக் கொண்டுவரும். எதைச் செய்வதாயினும் முதலில் அவரிடமே கேட்டறிவது முறை.

இன்னும் ஒன்றுண்டு. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்க 2025இல் தமிழ்நாடு சட்டப்பேரவை சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. பைத்துல்மால் வழியே அவர்களுக்கு மாத உதவி வழங்கும் நம் ஜமாஅத்துகள், நிர்வாகக் குழுவில் அவர்களுள் ஒருவரை அமர்த்தியுள்ளனவா? மதீனாவை ஒப்படைத்த நபியின் உம்மத்தினர் நாம். அடுத்த விருந்தில் சஹன் விரிக்கும்போது, தூக்குச்சட்டியைத் தேடுமுன் அவரை அழைத்துவர ஆள் அனுப்புவோம்.