பொதுத் தொண்டும் பொருளுதவியும்

ஊருக்கு ஒரு பாடசாலை வைக்கவேண்டும், ஏழைகளுக்கு ஒரு வைத்தியசாலை திறக்கவேண்டும், அழிந்துவரும் கூத்துக் கலையை அழியாமற் காக்கவேண்டும் என்று முன்வருகின்ற தொண்டர்கள் நமது நாட்டில் என்றும் குறைந்ததில்லை. ஆயினும், உற்சாகத்தோடு தொடங்கப்பெற்ற ஸ்தாபனங்களிற் பல, இரண்டு மூன்று வருஷங்களுக்குள் பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சும் நிலையை அடைந்துவிடுகின்றன. காரணம் கேட்டால் பணமில்லை என்ற ஒரே விடைதான் கிடைக்கிறது. அந்த விடை முற்றிலும் சரியன்று. தர்ம காரியங்களுக்கென்று சட்டப்படியே ஒதுக்கப்பெறும் பெருந்தொகை இந்நாட்டில் வருஷந்தோறும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்கும் முறையைத் தொண்டர்கள் கற்கவில்லை; கொடுக்கும் முறையைக் கொடுப்பவர்களும் செவ்வையாக அறியவில்லை. இவ்விரு குறைகளைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம்.

பொருள் தேடுவது தொண்டனுக்கு இழுக்கு என்று கருதுவோர் இன்னும் பலர் உளர். தனக்கென்று இரப்பதற்கும் பொதுக் காரியத்துக்கென்று கேட்பதற்கும் உள்ள வேற்றுமையை இவர்கள் உணரவில்லை. பண்டித மதன் மோகன் மாளவியர் காசி ஹிந்து சர்வகலாசாலைக்காக சமஸ்தானாதிபதிகளிடமும் சாமானிய ஜனங்களிடமும் கையேந்தினார். அதனால் அவர் பெருமை குன்றவில்லை. 1916-ம் வருஷத்தில் அடிக்கல் நாட்டப்பெற்ற மாபெருங் கலாசாலை நாட்டுக்குக் கிடைத்தது. 1921-ம் வருஷத்தில் திலகர் சுயராஜ்ய நிதிக்கு ஒரு கோடி ரூபாய் வேண்டுமென்று மகாத்மா காந்தி கேட்டார்; குறித்த ஜூன் 30-ந் தேதிக்குள் மகாஜனங்கள் அதைக் கொடுத்து முடித்தனர். கேட்டவரிடத்தில் நம்பிக்கையும், கேட்ட காரியத்தில் தெளிவும் இருந்தமையே இவ்விரண்டு வெற்றிகளுக்கும் காரணம்.

சட்டம் வகுத்த வழி

2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாயோ, வருஷ விற்றுமுதல் 1,000 கோடி ரூபாயோ, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ உடைய கம்பெனி, முந்திய மூன்று வருஷங்களின் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நன்மைக்குச் செலவிட வேண்டும் என்று அது விதித்தது. எந்தெந்தக் காரியங்களுக்கு அத்தொகை செல்லலாம் என்பது அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் வரையறுக்கப்பட்டுள்ளது. சுகாதாரமும் கல்வியும் அதில் இடம் பெற்றிருப்பதோடு, கலை, கலாசாரம், பொது நூல் நிலையங்கள், பரம்பரைக் கைத்தொழில்கள் ஆகியவையும் இடம் பெற்றிருக்கின்றன. 2022-23ஆம் நிதியாண்டில் மட்டும் இவ்வகையிற் செலவான தொகை சுமார் 30,000 கோடி ரூபாய்.

இத்தொகை எங்கே போகிறது என்று கவனிப்போர், நூற்றுக்கு எத்தனை பங்கு நாட்டுப்புறத்துச் சிறு ஸ்தாபனங்களுக்குக் கிட்டுகிறது என்று கேளாமலிருக்க முடியாது. பெருந்தொழில்கள் நிறைந்த மகாராஷ்டிரம் போன்ற மாகாணங்களே பெரும்பங்கைப் பெறுகின்றன. தொழில் நடக்கும் பிரதேசத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்று சட்டமே கூறுவதால், ஆலைகள் இல்லாத வறண்ட ஜில்லாக்கள் பின்தங்குகின்றன. அன்றியும், பெரிய கம்பெனிகள் பல தாமே ஒரு டிரஸ்டை ஏற்படுத்தி அதன் மூலமே செலவிடுகின்றன. இது சட்ட விரோதமன்று. ஆனால் தேவை எங்கே மிகுதியோ அங்கே பணம் செல்லவில்லை என்ற குற்றம் நீங்கவில்லை.

அரசியல் ஊழியர்கள் ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். அரசியல் கட்சிக்கு நேராகவோ மறைமுகமாகவோ கொடுக்கப்படும் பணம் இக்கணக்கிற் சேராது. கட்சியின் கிளை நடத்தும் வாசகசாலை எவ்வளவு சிறந்ததாயினும் இந்நிதியைக் கோர முடியாது. தொண்டு ஸ்தாபனம் வேறு, கட்சி வேறு என்று நிர்வாகத்திலும் கணக்கிலும் தெளிவாகப் பிரித்துவிடுவதே இருவருக்கும் நன்மை.

முன்னேற்பாடு

பணம் தேவைப்படும் நாளில் பதிவுக்கு ஓடுவது நமது சங்கங்களின் வழக்கமாக இருக்கிறது. ஒரு ஸ்தாபனம் டிரஸ்டாகவோ, பதிவு செய்யப்பெற்ற சங்கமாகவோ, லாப நோக்கமற்ற கம்பெனியாகவோ அமைந்திருக்கவேண்டும். வருமான வரிச் சட்டத்தின் கீழ் இரண்டு பதிவுகள் பெற்றிருக்கவேண்டும்: ஒன்று ஸ்தாபனத்தின் வருமானத்துக்கு வரி விலக்குத் தருவது, மற்றொன்று நன்கொடையாளருக்குச் சலுகை தருவது. கம்பெனிகளின் நிதியை வாங்கிச் செலவிட விரும்பும் ஸ்தாபனம் 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர். 1 என்ற படிவத்தில் மத்திய சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்ற விதியும் வந்தது. கம்பெனியாலோ சர்க்காராலோ ஏற்படுத்தப்படாத ஸ்தாபனமாயின், அதே வகைப் பணியில் மூன்று வருஷ அனுபவமும் காட்டவேண்டும். ஆகவே, இன்று சங்கம் தொடங்குபவர் மூன்று வருஷத்துக்குப் பின் கேட்கப்போகும் கேள்விகளுக்கு இன்றே விடை எழுதிவைக்கத் தொடங்க வேண்டும்.

காலமறிந்து கேட்பதும் அவசியம். கம்பெனிகள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு திட்டம் வகுத்து டைரக்டர்களின் சம்மதம் பெறுகின்றன. மார்ச்சு மாதத்தில் வாயிற்படியில் நிற்பவனுக்கு எஞ்சியது ஏதாவது கிடைக்கலாம். திட்டம் வகுக்கும் பருவத்தில் வருபவனுக்குத் திட்டத்திலேயே இடம் கிடைக்கும். தொடங்கிய வருஷம் நீங்கலாக மூன்று வருஷம் வரை நீடிக்கும் திட்டங்களுக்கும் விதியில் இடமிருப்பதை மனுதாரர்கள் பலர் அறியார்.

விண்ணப்பம் எப்படி இருக்கவேண்டும்?

நல்ல விண்ணப்பத்துக்கு நமது நாட்டிலேயே ஒரு சிறந்த உதாரணம் இருக்கிறது. 1944 மார்ச்சு 12-ந் தேதி விஞ்ஞானி ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாட்டா டிரஸ்டின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படைப் பௌதிக ஆராய்ச்சிக்கு உயர்தர ஸ்தாபனம் இந்தியாவில் இல்லை என்ற குறையை முதலில் நிலைநாட்டினார். அதனை அமைத்தால் விளையும் பயனையும் கூறினார்: அணுசக்தியினின்றும் மின்சாரம் எடுக்கும் காலம் சில பத்தாண்டுகளில் வரும்போது, நிபுணர்களைத் தேடி இந்தியா அந்நிய நாடுகளுக்குச் செல்லவேண்டியிராது என்பது அவர் காட்டிய பயன். ஹிரோஷிமாவின் மீது குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னரே எழுதப்பெற்ற கடிதம் இது! டிரஸ்ட் இணங்கியது, பம்பாய் சர்க்காரும் சேர்ந்துகொண்டது, 1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது.

இக்கடிதத்தில் கண்ணீரில்லை, முகஸ்துதி இல்லை. என்ன குறை, யார் அதை நீக்கப்போகிறார்கள், எத்தனை காலத்தில் என்ன பலன் கிட்டும் என்பவையே உள்ளன. ஒரு கிராம வைத்தியசாலையின் விண்ணப்பமும் இவ்வாறே இருக்கலாம். “எங்கள் ஊர் மிக ஏழை ஊர்” என்று நாலு பக்கம் வருணிப்பதைவிட, எத்தனை கர்ப்பிணிகள் எத்தனை மைல் நடந்து பிரசவத்துக்குப் போகிறார்கள், ஒரு தாதியை நியமித்தால் மாதம் என்ன செலவு, வருஷ முடிவில் எதை எண்ணிப் பார்த்து வெற்றி தோல்வியை அறியலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதுவது பயன் தரும். யாரிடம் கேட்கிறோமோ அவர்கள் முன்னர் எவ்வகைக் காரியங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை அறிந்து கேட்கவேண்டும். கண் வைத்தியத்துக்கென்றே கொடுக்கும் டிரஸ்டிடம் நாடகசாலைக்குப் பணம் கேட்பது இரு தரப்பாருக்கும் காலவிரயம்.

பாதியை நாம் திரட்டிக்கொண்டு மீதியைக் கேட்பதும் ஒரு சிறந்த உபாயம். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1918-ல் பெண்களுக்கென வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். அப்பள்ளி உட்பட ஆசியாவின் ஏழு மகளிர் கலாசாலைகளுக்காக அமெரிக்காவில் நிதி திரட்டியபோது, ராக்பெல்லர் குடும்பத்தின் நிதி ஸ்தாபனம் ஒன்று, “நீங்கள் இருபது லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் பத்து லட்சம் தருவோம்” என்று நிபந்தனை விதித்தது. நிபந்தனை கடினமானது, ஆனால் அதுவே ஊரூராய்ச் சென்று சிறு தொகைகளைத் திரட்டும் ஊக்கத்தை உண்டாக்கிற்று. குறித்த தொகை சேர்ந்தது. பெருநிதியை இழுக்கும் காந்தம் பலர் கொடுக்கும் சிறுநிதியே என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமோ?

கணக்கே கவசம்

தென்னாப்பிரிக்காவில் 1894-ல் நேட்டால் இந்தியக் காங்கிரஸை நடத்திய நாளிலேயே காந்தியடிகள், ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்துத் துல்லியமாகக் கணக்கு வைப்பதைப் பொது வாழ்வின் முதற் கடமையாகக் கொண்டார். நமது சங்கங்களில் நேர்மை இருந்தும் கணக்கு இல்லாமையால் கெட்ட பெயர் வாங்குவோர் பலர். ஆண்டறிக்கையும் ஆடிட்டர் சான்றும் இல்லாத ஸ்தாபனத்துக்கு எந்த டிரஸ்டும் பணம் தராது, தரவும் கூடாது.

அந்நிய நாட்டுப் பணம் பெறுவோருக்கு இந்த எச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். 2010-ம் வருஷத்து அந்நிய நன்கொடைச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, பணம் புது டில்லியிலுள்ள ஸ்டேட் பாங்கின் குறித்த கிளையிலேயே முதலில் வந்து சேரவேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு நூற்றுக்கு 50-லிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு ஸ்தாபனம் தான் பெற்ற தொகையை மற்றொன்றுக்குப் பகிர்ந்தளிப்பதும் தடுக்கப்பட்டது. நகரத்துப் பெரிய ஸ்தாபனங்களின் மூலம் உதவி பெற்றுவந்த கிராமத்துச் சிறு சங்கங்களை இக்கடைசி விதி மிகவும் பாதித்தது. அந்நியப் பணம் நமது அரசியலில் தலையிடலாகாது என்பதை நாம் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஆனால் குஷ்டரோகிக்கு மருந்து கட்டும் சங்கமும் அதே வலையில் அகப்படுமாயின், அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு நமது நாட்டுச் செல்வந்தர்களைச் சேர்ந்ததாகும்.

கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

கட்டடம் என்றால் கொடுப்போம், யந்திரம் என்றால் கொடுப்போம், சம்பளம் என்றால் கொடோம் என்பது பல நன்கொடையாளரின் மனப்போக்கு. கட்டடத்தில் பெயர் பொறிக்கலாம்; ஆசிரியையின் சம்பளத்தில் பொறிக்க முடியாதல்லவா? கம்பெனிகளின் நிர்வாகச் செலவு நூற்றுக்கு ஐந்துக்கு மேற்படக்கூடாது என்ற விதியைக் காட்டிச் சம்பளத்தை மறுப்பவர்களும் உண்டு. அவ்விதி கம்பெனி தன் பொது நிர்வாகத்துக்குச் செய்யும் செலவைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்துவதற்கு நேரடியாக ஆகும் செலவைப் பற்றியதன்று. ஆசிரியரில்லாத பள்ளிக்கூடமும் தாதியில்லாத வைத்தியசாலையும் யாருக்குப் பயன்?

கலைகளின் கதி இன்னும் பரிதாபகரமானது. ஏழாவது அட்டவணையில் இடமிருந்தும், கல்விக்கும் சுகாதாரத்துக்கும் செல்லும் தொகைக்கு முன் கலைக்குச் செல்வது மிகச் சொற்பம். மத்திய சர்க்காரின் கலாசார அமைச்சு குரு சிஷ்யப் பரம்பரைக்கு உதவித் திட்டம் வைத்திருக்கிறது. பெங்களூரில் 1993-ல் ஏற்பட்ட கலைகளுக்கான இந்திய நிதி ஸ்தாபனம், கலைஞர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் மானியம் வழங்கிவருகிறது. இவை போதா. ஒரு பழைய மண்டபத்தைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள், அந்த மண்டபத்தில் ஆடிய கலையைக் கற்றுத்தரும் வாத்தியாருக்கும் கொடுக்க முன்வரவேண்டும். வாத்தியார் மறைந்தபின் மண்டபம் யாருக்கு?

சொந்தக் கால்

மானியம் தேடுவதைப் பற்றி இவ்வளவு எழுதிய நாம், மானியத்தையே நம்பி வாழ்வதை ஆதரிக்கவில்லை. ஒரே கம்பெனியின் கையை எதிர்பார்க்கும் ஸ்தாபனம், அக்கம்பெனியின் ஆலைக் கழிவு ஊர்க் கிணற்றைக் கெடுக்கும்போது வாய் திறக்குமா? சர்க்கார் மானியம் ஒன்றையே நம்பிய பள்ளிக்கூடம், அதிகாரிகளின் தவற்றைச் சுட்டிக்காட்டுமா? கொடுப்பவர் ஒருவரானால் அவர் எஜமானர்; பலரானால் அவர்கள் நண்பர்கள். நிரந்தர நிதியைச் சேர்த்து வைத்துக்கொண்டு அதன் வட்டியில் பொது ஸ்தாபனம் வாழ்வதைக் காந்தியடிகள் தமது சுயசரிதையில் கண்டித்திருக்கிறார். ஜனங்கள் ஆண்டுதோறும் மனமுவந்து கொடுப்பதே அந்த ஸ்தாபனம் தேவை என்பதற்கு அத்தாட்சி என்பது அவர் கொள்கை.

மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை மற்றொரு வழியைக் காட்டிற்று. வசதியுள்ள நோயாளிகள் கொடுக்கும் கட்டணத்தைக் கொண்டே வசதியற்றவர்களுக்கு இலவச சிகிச்சை செய்வது அதன் முறை. 1992-ல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்களைத் தானே குறைந்த விலையில் செய்யவும் தொடங்கிற்று. வெளி உதவியை அது வெறுக்கவில்லை. புதிய முயற்சிக்கு அதைப் பெற்றது. அன்றாட வாழ்வுக்கு அதை நம்பவில்லை. எல்லாத் தொண்டும் இவ்வாறு தானே சம்பாதிக்க முடியாது என்பது உண்மை. எனினும் மாதம் பத்து ரூபாய் கொடுக்கும் நூறு உள்ளூர் அங்கத்தினர்களை எந்தச் சங்கமும் சேர்க்கலாம். அந்த ஆயிரம் ரூபாய் பட்டணத்துக் கம்பெனியின் பத்து லட்சத்துக்கு ஈடாகாது. ஆனால் பத்து லட்சம் நின்றுபோகும் வருஷத்தில் சங்கத்தின் கதவை மூடாமல் காப்பது அதுவே.

நமது வாசகர்களில் கணக்குத் தெரிந்தவர்களும் மனு எழுத வல்லவர்களும் சட்டம் படித்தவர்களும் ஏராளம். ஜில்லாவில் எங்கோ ஒரு மூலையில் ஒரு தொண்டர் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டு, எந்தப் படிவத்தை எங்கே அனுப்புவதென்று அறியாமல் தவித்துக்கொண்டிருப்பார். வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை அவருக்குக் கொடுங்கள். அவருடைய கணக்கை ஒழுங்கு செய்து, விண்ணப்பத்தைத் திருத்தி, அங்கத்தினர் பட்டியலில் முதற் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள். பணமாகக் கொடுக்கும் தர்மத்துக்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று.