திறக்காமலே அறியலாம்: பழைய பிக்கப் வண்டியின் பின் அச்சு

திண்டுக்கல்–பழனி நெடுஞ்சாலையில் ரெட்டியார்சத்திரத்தைக் கடந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் வண்டிகளுள் வயதான பிக்கப் வண்டிகளும் உண்டு. கன்னிவாடி, தருமத்துப்பட்டி வழியாக ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் ஏறி, விளைபொருளைச் சுமந்து இறங்குபவையும் உண்டு. இவற்றுள் பல, இரண்டு மூன்று கை மாறியவை.

பழைய வண்டி வாங்குவோர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கிறார்கள். அதில் எஞ்சின் எண் இருக்கும். சேசிஸ் எண் இருக்கும். பின் அச்சைப் பற்றி அதில் ஒன்றும் இராது. முன்பு எப்போதோ பின் அச்சு பழுதாகி, பழைய இரும்புக் கடையிலிருந்து வாங்கிய வேறொன்று பொருத்தப்பட்டிருக்கலாம். வண்டியின் பெயரை மட்டும் நம்பிக் கிரவுன்–பினியன் வாங்கினால் பணம் வீணாகும். சில வேளைகளில் அதனினும் பெரிய இழப்பு நேரும். ஆகவே வண்டியின் பெயரைக் கேட்பதைவிட அச்சையே கேட்பது நல்லது. கேட்கத் தெரிந்தால் அது விடை சொல்லும். இதற்கு ஒரு சாக்குக்கட்டியும் சிறிது பௌதிகமும் போதும்.

பின் அச்சின் வேலைகள்

எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டியிலிருந்து ஒரு நீண்ட தண்டின் வழியே பின்னால் வருகிறது. பட்டறையில் இதைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பார்கள். இதன் முனையில் பினியன் என்னும் சிறிய பற்சக்கரம். அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. இங்கே சுழற்சியின் திசை செங்கோணத்தில் திரும்புகிறது, வேகம் குறைகிறது, குறைந்த அளவுக்கு முறுக்குவிசை பெருகுகிறது.

கிரவுனில் 43 பற்களும் பினியனில் 8 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். கிரவுன் ஒரு முறை சுழல, பினியன் 43/8, அதாவது 5.375 முறை சுழல வேண்டும். இந்த எண்ணே அச்சின் விகிதம். 41 பல்லும் 11 பல்லும் என்றால் விகிதம் ஏறக்குறைய 3.73. முன்னது பாரம் இழுக்க ஏற்றது. பின்னது விரைந்து ஓட ஏற்றது.

43, 8 ஆகிய இரண்டுக்கும் 1 தவிரப் பொது வகுஎண் இல்லை என்பதைக் கவனியுங்கள். இதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுனின் எல்லாப் பற்களையும் முறைவைத்துச் சந்திக்கிறது. தேய்மானம் ஒரே சீராகப் பரவுகிறது. 40 பல்லும் 8 பல்லும் வைத்தால் ஒரு பல் என்றும் அதே ஐந்து பற்களோடுதான் உரசிக்கொண்டிருக்கும்.

முதல் சான்று: சக்கரத்தின் நடுவம்

சக்கரத்தின் வெளிப்புற நடுவைப் பாருங்கள். கெட்டியான உருளை வடிவில் ஒரு குடம் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் உள்ளனவா? இருந்தால் அது முழு மிதவை அச்சு. வண்டியின் பாரத்தை வெளிக்கூடும் அதன் மேலுள்ள பேரிங்குகளும் தாங்குகின்றன. உள்ளிருக்கும் தண்டுக்குச் சக்கரத்தைச் சுழற்றுவது ஒன்றே வேலை. அந்தப் போல்ட்டுகளைக் கழற்றினால், சக்கரம் தரையில் நிற்கும்போதே தண்டை உருவி எடுத்துவிடலாம்.

குடம் இல்லாமல் நடுப்பகுதி தட்டையாகவோ, நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டுடனோ இருந்தால், அது பெரும்பாலும் அரை மிதவை அச்சு. இதில் சக்கரம் தண்டின் முனையிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. தண்டு சுழற்றவும் வேண்டும், பாரம் தாங்கவும் வேண்டும். தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று ஓடக்கூடும்.

தண்டு ஏன் முறிகிறது? பாரத்தால் தண்டு இம்மியளவு வளைகிறது. வளைவின் ஒரு புறம் இழுபடுகிறது. மறு புறம் அமுக்கப்படுகிறது. தண்டு அரைச் சுற்று திரும்பியதும் இழுபட்ட பகுதி அமுக்கப்படும் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இந்த மாற்றம் நிகழ்கிறது. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், ஒரு இலட்சம் கிலோமீட்டர் ஓட்டத்தில் ஏறத்தாழ நாலரைக் கோடி முறை! ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாத கம்பி, திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போன்றதே இதுவும். இதை உலோகச் சோர்வு என்பர். 1842 மே 8-ஆம் நாள் பிரான்சில் வெர்சேயிலிருந்து பாரிசுக்குச் சென்ற இரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து உலோகச் சோர்வின் இயல்புகளை வெளிப்படுத்தினார். அரை மிதவை அச்சுள்ள வண்டியில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவோர் நினைவில் வைக்கவேண்டிய வரலாறு இது.

இரண்டாம் சான்று: கூட்டின் வடிவம்

வண்டியின் பின்னால் குனிந்து நடுவிலுள்ள வீங்கிய கூட்டைப் பாருங்கள். பின்பக்கம் தட்டு மூடி ஒன்று போல்ட்டுகளால் பூட்டப்பட்டு, இருபுறமும் குழாய்கள் செருகியிருந்தால் அது சாலிஸ்பரி வகை. மூடியைக் கழற்றினால் பற்சக்கரங்கள் தெரியும். மாறாக, பின்பக்கம் கழற்றும் மூடியின்றி வழவழவென்று உருண்டிருந்து, இருபுறமும் நீண்ட கைப்பிடிகள் வைத்த வாணலிபோல் தோன்றினால் அது பான்ஜோ வகை. இதில் பற்சக்கரத் தொகுதியை முன்பக்கமாகத்தான் எடுக்கவேண்டும்.

மூடியின் போல்ட்டுகளை எண்ணுவதும் பயன் தரும். ஜீப் குடும்பத்தில் புகழ்பெற்ற ஸ்பைசர் 44 என்னும் அச்சின் மூடியில் 10 போல்ட்டுகள். சில அச்சுகளில் மூடியின் போல்ட் ஒன்றில் சிறு தகடு தொங்கும். மண்ணைத் துடைத்துப் பார்த்தால் பற்களின் எண்ணிக்கை அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கலாம். ஆனால் உள்ளிருக்கும் சக்கரங்களை மாற்றியவர் தகட்டை மாற்றாமல் விட்டிருக்கக்கூடும். ஆகவே மூன்றாம் சான்றே முடிவானது.

மூன்றாம் சான்று: சுற்றுகளின் கணக்கு

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகத் தொலைவும் உட்சக்கரம் குறைந்த தொலைவும் ஓடவேண்டும். இதற்காகக் கிரவுனுக்கும் இரு தண்டுகளுக்கும் இடையே டிஃபரன்ஷியல் என்னும் பல்லமைப்பு இருக்கிறது. அதன் விதி எளியது: இடச்சக்கரத்தின் சுற்றுகளையும் வலச்சக்கரத்தின் சுற்றுகளையும் கூட்டினால், கிரவுனின் சுற்றுகளைப்போல் இரு மடங்கு வரும்.

நேர்ச்சாலையில் இரு சக்கரமும் பத்துப் பத்துச் சுற்றினால் கிரவுனும் பத்துச் சுற்று. ஒரு சக்கரம் தரையில் அசையாதிருக்க, தூக்கிய சக்கரம் மட்டும் 20 சுற்றுச் சுற்றினாலும் கிரவுனுக்குப் பத்தே சுற்றுதான். இதை மறந்தவர்களே ஒரு சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "விகிதம் இரண்டரைதான்" என்று வியக்கிறார்கள்.

இந்த விதியில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. பழைய ஜீப் வகைகள் பலவற்றில் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. புரொப்பெல்லர் தண்டையே பிடிக்கிறது. தண்டு நின்றால் கிரவுன் நிற்கும். அப்போது இரு சக்கரங்களின் கூட்டுத்தொகை பூச்சியமாக வேண்டும், அவ்வளவே. தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையிலுள்ள சக்கரம் தாராளமாக முன்னோக்கி உருளலாம்! வண்டி ஜாக்கியிலிருந்து நழுவ இது போதும். எனவே சமதரையில், முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தபின்பே தூக்கவேண்டும். தூக்கியதும் அச்சுக்கடியில் உறுதியான தாங்கி வைக்கவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கடியில் போகக்கூடாது. மாணவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் மேற்பார்வையிலேயே இதைச் செய்யலாம்.

இனிச் சோதனை. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் அதையும் விடுவியுங்கள். கட்டைகள் உறுதியாக உள்ளன என்று கண்டபின் கைப்பிரேக்கை விடுவியுங்கள். தூக்கிய சக்கரத்திலும் புரொப்பெல்லர் தண்டிலும் சாக்குக்கட்டியால் ஒவ்வொரு கோடு போடுங்கள். பற்களுக்கிடையே சிறிது இடைவெளி உண்டு; சுழற்றப்போகும் திசையிலேயே சக்கரத்தைச் சற்றுத் தள்ளி அந்தத் தளர்ச்சி நீங்கியபின் கோடு போடுவது நல்லது. ஒருவர் சக்கரத்தை நிதானமாக 20 முறை சுழற்றட்டும். மற்றொருவர் வண்டிக்கு வெளியே இருந்தபடியே தண்டின் சுற்றுகளை எண்ணட்டும். கிடைத்த எண்ணைப் பத்தால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். தூக்கிய சக்கரம் சுழலவே மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். பிரேக் பிடித்திருக்கலாம், அல்லது டிஃபரன்ஷியல் பூட்டும் வகையாக இருக்கலாம்.

தண்டு 53¾ சுற்று வந்தால் 43/8. 48¾ வந்தால் 39/8. 37¼-ஐச் சற்றே தாண்டினால் 41/11. ஏன் 20 சுற்று? இரண்டே சுற்றுச் சுற்றினால் முதலிரண்டுக்கும் வேறுபாடு அரைச் சுற்றுதான். 20 சுற்றில் அது ஐந்து சுற்றாகப் பெருகுகிறது. ஊசலின் அலைவு நேரத்தைக் காண 20 அலைவுகளை எண்ணுகிறோமே, அதே தத்துவம். ஆயினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. 41/10 என்பது 4.10; 37/9 என்பது 4.11. சாக்குக்கட்டி இவற்றைப் பிரித்துக் காட்டாது. அங்கே மூடியைத் திறந்து, கிரவுனின் விளிம்பில் பொறித்த எண்ணைப் படிக்கவேண்டும்; அல்லது பற்களையே எண்ணவேண்டும்.

ஒரே குடும்பம், இரண்டு அச்சுகள்

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் பின் அச்சு முழு மிதவை, விகிதம் 39/8. போருக்குப் பின் 1953-இல் வந்து, நம் நாட்டில் மகிந்திரா நிறுவனம் நெடுங்காலம் தயாரித்த சி.ஜே.3பி. ஜீப்பின் மூல அமைப்பில் பின் அச்சு அரை மிதவை, விகிதம் 43/8. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஜீப்தான்!

43/8 அச்சுக்கு உரிய வண்டியில் 39/8 அச்சைப் பொருத்தினால் என்ன ஆகும்? சக்கரத்துக்குக் கிடைக்கும் முறுக்குவிசை ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். பன்றிமலை ஏற்றத்தில் பாரத்தோடு திணறும். இறக்கத்தில் எஞ்சின் தரும் பிடிப்பும் அதே அளவு குறைந்து, பிரேக்கின் வேலை கூடும். வேகமானி கியர் பெட்டிப் பக்கத்திலிருந்து கணக்கிடுவதாயின், 60 கிலோமீட்டர் என்று அது காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீட்டர் வேகத்தில் போகும். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியானால், முன் அச்சு ஒரு கணக்கும் பின் அச்சு ஒரு கணக்குமாக ஒன்றையொன்று இழுத்துப் பற்களையும் டயர்களையும் தின்னும்.

விகிதம் தெரிந்தபின் ஒரு செய்தியை மறக்கவேண்டாம். கிரவுனும் பினியனும் ஆலையிலேயே சோடியாக இழைத்துப் பொருத்தப்பட்டவை; மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

வகுப்பறையில் பற்சக்கரம், முறுக்குவிசை, மீட்சியியல் என்று தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறோம். தெருவோரம் நிற்கும் பழைய பிக்கப் வண்டியின் பின்புறம் அவை மூன்றும் ஒரே கூட்டுக்குள் வேலை செய்கின்றன. அடுத்த முறை உங்கள் வீட்டிலோ ஊரிலோ யாரேனும் பழைய வண்டி வாங்கப் புறப்பட்டால், அவரோடு நீங்களும் செல்லுங்கள். சட்டைப்பையில் ஒரு சாக்குக்கட்டி இருக்கட்டும்.