பைன் பலகைச் சுவருக்கு வெள்ளை அடிக்கலாமா?

ஒஸ்லோவில் நாங்கள் வாங்கிய வீட்டில், வரவேற்பறையின் நாலு சுவரும் பைன் பலகை. எழுபது, எண்பதுகளில் இது இந்த நாட்டில் பெரிய மோகம். அடித்த புதிதில் வெளிறிய நிறமாக இருந்திருக்கும். மரத்திலுள்ள லிக்னின் வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகும். எங்கள் சுவர் இப்போது தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. இதே பலகையை மலையிலுள்ள விடுமுறைக் குடிலில் கண்டால் "ஆகா" என்கிற நோர்வேக்காரர், நகரத்து வீட்டில் கண்டால் வெள்ளை பெயின்ற் வாங்கப் போகிறார்.

அம்மாவும் வந்த முதல் நாளே சொல்லிவிட்டா. "இதென்ன தம்பி, பலகைப் பெட்டிக்குள்ள இருக்கிற மாதிரிக் கிடக்கு. அந்தக் கண்ணெல்லாம் என்னையே பாக்குது. வெள்ளை அடிச்சு விடன்."

எனக்கு மனமில்லை. மரம் மனதுக்கு நல்லது என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். எங்கே என்று அம்மா கேட்டபோது பதில் இல்லை. அதற்காகத் தேடி வாசித்ததுதான் இந்தக் குறிப்பு.

இந்த விஷயத்தை அதிகம் நோண்டியவர்கள் ஜப்பானியர்கள். 2005 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆட்களை ஹினோக்கி மரச் சுவருக்கு முன்னாலும், வெள்ளை இரும்புத் தகட்டுச் சுவருக்கு முன்னாலும் இருத்தி இரத்த அழுத்தம் பார்த்தார்கள். மரத்தைப் பிடித்தவர்களுக்கு அழுத்தம் இறங்கியது. பிடிக்காதவர்களுக்கு இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. இரும்பைப் பிடிக்காதவர்களுக்கோ ஏறியது. அதாவது மரம் பிடிக்கவில்லை என்று வாய் சொன்னாலும் உடம்பு பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை.

இதைத்தான் அம்மாவிடம் வெற்றியோடு சொல்லப் போனேன். அதற்குள் 2007 ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்வு கண்ணில் பட்டுவிட்டது. ட்சுனெட்சுகு, மியாசாகி, சாட்டோ ஆகியோர் செய்தது. முழு அளவு வரவேற்பறைகளில் மரம் தெரியும் பரப்பை 0, 45, 90 வீதம் என்று மாற்றி, 15 இளைஞர்களை ஒவ்வொன்றிலும் 90 விநாடி இருக்க வைத்தார்கள். "சுகமாக இருக்கு" என்ற புள்ளி 45 வீத அறைக்குத்தான் கூட விழுந்தது. 90 வீத அறையில் இரத்த அழுத்தம் நன்றாக இறங்கியது உண்மை. கூடவே மூளையின் செயற்பாடும் சடுதியாகக் குறைந்தது, நாடித்துடிப்பு கூடியது. ஒன்றரை நிமிடமும் 15 பேரும் ஒரு வாழ்நாளுக்குச் சாட்சியாகாது. ஆனாலும் எங்கள் அறையில் நிலமும் பலகை, நாலு சுவரும் பலகை. அம்மா சொன்ன "பெட்டி" எது என்று எனக்கு விளங்கியது.

அடுத்தது அந்தக் கண்கள். பைனில் கிளை முளைத்த இடமெல்லாம் கணு. ஒரேமாதிரி ஓடும் வரிகளுக்கு நடுவே கருத்த வட்டம் வந்தால் பார்வை அங்கேதான் போகும். சுவீடனில் ஒலோஃப் புரோமன் பைன் பலகைகளைக் காட்டி ஆட்களிடம் கேட்டுப் பார்த்தவர். கணு இருப்பதே குற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை. பலகை முழுவதும் ஓர் இசைவோடு இருந்தால் ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாமல் சிதறிக் கிடந்தால்தான் பிடிக்கவில்லை. எங்கள் சுவரில் மலிவுப் பலகை. பெரிசும் சின்னனுமாகக் கணுக்கள் கண்டபடி கிடக்கின்றன.

மூன்றாவது விஷயம் எந்த ஆய்விலும் நான் தேடாதது. மார்கழியில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணித்தியாலம்கூட முழுதாக இல்லை. பழுத்த பைன், வெளிச்சத்தில் நீலப் பக்கத்தை விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும்தான் திருப்பித் தரும். அதனால்தான் கண்ணுக்குச் சூடாகத் தெரிகிறது. அதனால்தான் அறையும் இருள்கிறது. யாழ்ப்பாணத்து வெயிலில் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரோடு வளர்ந்த ஒருவருக்கு அது எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை.

கைக்குத் தெரியும் சூடு வேறு கணக்கு. சுவர் அறையின் வெப்பநிலையில்தான் இருக்கிறது, கையை விடக் குளிர்தான். ஆனால் கொங்கிறீற் வெப்பத்தைக் கடத்துவதில் பத்தில் ஒரு பங்களவுதான் பைன் கடத்தும். கையின் சூட்டை மெதுவாக எடுப்பதால் குளிர் உறைப்பதில்லை. மெல்லிய பெயின்ற் பூச்சு இதைப் பெரிதாக மாற்றாது. வெள்ளை அடித்தால் இழப்பது கண்ணுக்கான மரத்தை. முதுகுக்கான மரம் அப்படியே இருக்கும்.

கடைசியில் மூன்று சுவருக்கு வெள்ளை அடித்தோம். ஜன்னலுக்கு எதிரே வெளிச்சம் விழுகிற சுவரை மட்டும் விட்டோம். அம்மா தன் கதிரையை வெள்ளைச் சுவரோடு போட்டு, அந்த மரச் சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறா. ஏன் என்று கேட்டேன். "அதில வெயில் விழேக்க வடிவாத்தான் கிடக்கு" என்றா.

ஒரு பிழை விட்டேன். பைன் கணுவில் பிசின் இருக்கும். அதை அடைக்கிற வார்னிஷை முதலில் பூசாமல் பெயின்ற் அடிக்கக்கூடாது. அவசரத்தில் நேரே அடித்துவிட்டேன். இரண்டாவது குளிர்காலம் வந்தபோது வெள்ளைச் சுவரில் அங்கங்கே மஞ்சள் வட்டம். அம்மாதான் முதலில் கண்டா. "பாத்தியா தம்பி, திரும்ப முழிக்குது."