பக்ரீத் சந்தைக்கா, மந்தைக்கா? நல்ல கிடாவை விற்கும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

வட மாநிலங்களில் பக்ரீத் பண்டிகை நெருங்கும்போது ஆட்டுச் சந்தைகள் களைகட்டுகின்றன. குர்பானிக்கு உரிய வெள்ளாடு ஓராண்டு நிறைந்ததாகவும், ஊனமோ நோயோ இல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. உயரமும் உடற்கட்டும் கூடிய கிடாவுக்கு விலையும் கூடுகிறது. இனவிருத்திக்காக மந்தையில் நிறுத்திவைக்க வேண்டிய கிடாவுக்கான தகுதிகளும் ஏறத்தாழ இவையே. எனவே, வளர்ந்து நிற்கும் நல்ல கிடாவைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வதா, பொலிகிடாவாக வைத்துக்கொள்வதா என்ற கேள்வி ஆடு வளர்ப்போர் முன் ஆண்டுதோறும் எழுகிறது.

2019-ஆம் ஆண்டு நடைபெற்ற 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 14.88 கோடி வெள்ளாடுகள் உள்ளன. சுமார் 2.08 கோடி ஆடுகளுடன் ராஜஸ்தான் முதலிடத்திலும், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகியவை அடுத்த இடங்களிலும் உள்ளன. ஆடு வளர்ப்போரில் பெரும்பாலோர் நிலமற்ற தொழிலாளர்களும் சிறு, குறு விவசாயிகளும்தான். வீட்டில் பணமுடை ஏற்படும்போது பாலும் குட்டியும் தரும் பெட்டையைக் காட்டிலும் கிடாவே முதலில் விற்பனைக்குப் போகிறது.

நல்லது போனால் எஞ்சுவது எது?

ஒரு பெட்டை ஆடு ஓர் ஈற்றில் ஒன்று முதல் மூன்று குட்டிகளை ஈனும். ஆனால் ஒரு கிடாவின் தாக்கம் மந்தை முழுவதும் பரவும். 20 பெட்டைகள் சேர்ந்து 30 குட்டிகளை ஈன்றால், அந்த 30 குட்டிகளின் மரபில் சரிபாதி ஒரே கிடாவிடமிருந்து வருகிறது. இதனால்தான் கிடாவே பாதி மந்தை என்று கருதப்படுகிறது.

வேகமாக வளரும் கிடாவே முதலில் விலைபோகும். வளர்ச்சி குன்றியவை வாங்குவாரின்றி மந்தையிலேயே தங்கிவிடும். மேய்ச்சலின்போது பெட்டைகளுடன் சேர்பவையும் அவையே. இது சில தலைமுறைகள் தொடர்ந்தால், தீவனமும் பராமரிப்பும் மாறாதபோதும் குட்டிகளின் எடை குறையத் தொடங்கும். யமுனை, சம்பல் ஆறுகளுக்கு இடைப்பட்ட எட்டாவா மாவட்டத்தின் சக்கர்நகர் பகுதி, ஜமுனாபாரி இனத்தின் தாயகம். அங்கு தூய இன ஆடுகள் குறைந்து வருவது குறித்து ஆய்வாளர்கள் நீண்டகாலமாகக் கவலை தெரிவித்து வருகின்றனர்.

பருவமும் பண்டிகையும்

வட இந்தியச் சமவெளியில் மே-ஜூன், அக்டோபர்-நவம்பர் ஆகியவை இனச்சேர்க்கைக்கு ஏற்ற மாதங்களாகக் கொள்ளப்படுகின்றன. சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள்கள் என்பதால், குட்டிகள் கடுங்குளிருக்கும் கடுங்கோடைக்கும் முன்பே பிறந்து தேறிவிடும்.

பக்ரீத் பண்டிகை இந்தியாவில் 2023-இல் ஜூன் 29, 2024-இல் ஜூன் 17, 2025-இல் ஜூன் 7 ஆகிய தேதிகளில் கொண்டாடப்பட்டது. பிறை நாள்காட்டிப்படி இது ஆண்டுதோறும் 10 முதல் 12 நாள்கள் முன்னதாக வரும். அதாவது, பெட்டைகள் பருவத்துக்கு வரும் அதே காலத்தில்தான் அண்மை ஆண்டுகளில் கிடாக்களின் விலையும் உச்சத்தில் இருந்துள்ளது. பெட்டை ஆடு 18 முதல் 21 நாள்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அது ஓரிரு நாள்களே நீடிக்கும். அப்போது கிடா கிடைக்காவிட்டால் மூன்று வாரங்கள் வீணாகும். மூன்று பருவங்கள் தவறினால் இரண்டு மாதங்கள் கழிந்துவிடும். இரண்டு ஆண்டுகளில் மூன்று ஈற்று என்ற இலக்கும் எட்டாமல் போகும்.

எத்தனை பெட்டைக்கு ஒரு கிடா?

வளர்ந்த கிடா ஒன்று 20 முதல் 30 பெட்டைகளுக்குப் போதுமானது. தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் மானியம் பெறும் பண்ணைகளும் 100 பெட்டைகளுக்கு 5 கிடாக்கள், 500 பெட்டைகளுக்கு 25 கிடாக்கள் என்ற விகிதத்திலேயே அமைக்கப்படுகின்றன.

நான்கைந்து பெட்டைகள் மட்டுமே வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தனிக் கிடா கட்டுப்படியாகாது. ஆண்டில் சில நாள் தேவைக்காக ஆண்டு முழுவதும் தீவனம் போட வேண்டியிருக்கும். இத்தகைய குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, தெருவுக்கோ சுயஉதவிக் குழுவுக்கோ பொதுவாக ஒரு கிடாவை வாங்கி, சேர்க்கைக்குச் சிறு கட்டணம் வைத்துப் பராமரிக்கலாம். 15 முதல் 20 பெட்டைகளுக்கு மேல் உள்ளவர்களுக்குச் சொந்தக் கிடாவே லாபகரமானது.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

கிடாவின் தோற்றத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அதன் தாய் இரட்டைக் குட்டி ஈன்றதா, குட்டிகளுக்குப் போதிய பால் கொடுத்ததா என்பதை அறிய வேண்டும். இரு விரைகளும் இறங்கி, ஒரே அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். கால்கள் நேராக இருத்தல் அவசியம். கொம்பில்லாக் கிடாவைக் கொம்பில்லாப் பெட்டையுடன் சேர்த்தால் ஆண், பெண் தன்மை கலந்த மலட்டுக் குட்டிகள் பிறக்க வாய்ப்புண்டு. ஆகவே இரண்டில் ஒன்றேனும் கொம்புள்ளதாக இருப்பது நல்லது. வெளியிலிருந்து வாங்கும் கிடாவுக்குப் புருசெல்லோசிஸ் பரிசோதனை செய்ய வேண்டும். கருச்சிதைவை ஏற்படுத்தும் இந்நோய் மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது.

கிடாக்குட்டி நான்கைந்து மாதங்களிலேயே இனச்சேர்க்கைக்கு முற்படும். எனினும் ஓராண்டு நிறைந்த பிறகு குறைந்த எண்ணிக்கையிலும், ஒன்றரை வயதுக்குப் பின் முழு அளவிலும் பயன்படுத்துவதே முறை. தேர்வு செய்யப்படாத கிடாக்குட்டிகளை மூன்று மாதங்களில் பிரித்து வைக்க வேண்டும் அல்லது காயடிக்க வேண்டும். இல்லையெனில் அவை தாயுடனும் உடன்பிறந்தவற்றுடனும் சேர்ந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளில் மாற்றம்

நல்ல கிடாவையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ள இயலாது. சேர்ந்த ஐந்து மாதங்களில் குட்டிகள் பிறக்கின்றன. அடுத்த ஓராண்டுக்குள் பெண் குட்டிகள் பருவத்தை எட்டுகின்றன. எனவே இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கிடாவின் மகள்களே அதன் முன் நிற்கும். இத்தகைய நெருங்கிய உறவுச் சேர்க்கையால் குட்டிகளின் எடை குறைவதுடன், இறப்பும் கூடும். இதைத் தவிர்க்க, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அண்டை ஊர் மந்தையுடன் கிடாவை மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி.

பராமரிப்பிலும் சில சிரமங்கள் உண்டு. பருவக் காலத்தில் கிடாவின் வாடை பாலில் ஏறக்கூடும் என்பதால், கறவை ஆடுகளிடமிருந்து அதைத் தள்ளிக் கட்ட வேண்டும். தானியத் தீவனம் மிகுந்தால் சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பு ஏற்படலாம். பசுந்தழையும் போதிய தண்ணீரும் கொடுப்பது அவசியம்.

ஒரு கிடாவை வைத்துக்கொள்வதால் வளர்ப்போர் இழப்பது ஒரு பண்டிகையின் விலையை மட்டுமே. இரண்டு ஆண்டுகள் கழித்து மாற்றும்போது அதன் இறைச்சி மதிப்பிலும் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். சந்தை வாசலில் வியாபாரி விலை சொல்லும் நேரத்தில் இந்தக் கணக்கைப் போடுவது கடினம். குட்டிகளைப் பிரிக்கும் மூன்றாம் மாதத்திலேயே சிறந்த ஒன்றைத் தேர்ந்து அடையாளமிட்டு, விற்பனைக்கு உரியவற்றிலிருந்து நீக்கிவைப்பதே மந்தையின் தரத்தைக் காக்கும் நடைமுறை.