கணக்குப் புத்தகத்தில் ஒரு கடவுள்

வணிகத்தையும் முன்னேறும் வேட்கையையும் புனிதமாகக் கருதும் மதம் ஒன்று இருக்க முடியுமா? விடுதியில் என் அறைத் தோழர் ஆடும் கணினி விளையாட்டில் அப்படி ஒரு மதம் வருகிறது. அங்கே இலாபம் ஈட்டுவதே வழிபாடு. வாக்குத் தவறுவதே பாவம். "இதெல்லாம் கற்பனையில்தான் நடக்கும்" என்று சொல்லி அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் வளர்ந்தவன். மாசி மகத்தன்று எங்கள் ஊரில் தேரேறி வரும் முருகனின் கோயிலை எழுப்பியவர்கள் யார் தெரியுமா? வட்டித் தொழில் செய்ய வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார்!

பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்த என் பாட்டி அந்தத் தேருக்குத் தவறாமல் தேங்காய் உடைப்பார். வீடு திரும்பியதும், "சாமி நல்ல சாமிதான்யா, வட்டிதான் பொல்லாதது" என்பார். அந்த ஒரு வரியின் பொருளைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

வேலும் வட்டியும்

தமிழகத்தின் காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நகரத்தார் இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் எனக் கடல் கடந்தனர். சென்ற ஊரிலெல்லாம் தொழிலோடு கோயிலும் எழுந்தது. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் 1857-லும், சிங்கப்பூர் தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-லும் தோன்றியவை.

அவர்கள் தொழில் செய்த இடத்திற்குக் 'கிட்டங்கி' என்று பெயர். நீண்ட கூடம்; ஒரே கூரையின் கீழ்ப் பல நிறுவனங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மரப்பெட்டி, ஒரு பாய், சில பேரேடுகள். பெட்டிக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர் 'மேலாள்'. அவருக்குக் கீழே 'அடுத்தாள்'. எடுபிடி வேலை செய்தபடியே தொழில் கற்கும் சிறுவன் 'பெட்டியடிப் பையன்'. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் இவர்கள் வந்தனர். பையன் அடுத்தாளாகி, மேலாளாகி, ஒருநாள் சொந்தக் கடை வைக்கலாம். முன்னேறும் வேட்கைக்கு அங்கே படிக்கட்டே அமைத்து வைத்திருந்தார்கள்.

கடவுளுக்கும் ஒரு பங்கு

சரி, இதில் சமயம் எங்கே வருகிறது? பேரேட்டின் முதல் பக்கம் பிள்ளையார் சுழியோடு தொடங்கும். இது பல தமிழ்க் கடைகளிலும் உள்ள வழக்கந்தான். நகரத்தாரின் தனித்தன்மை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. தொழிலில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று ஒதுக்கிக் கோயிலுக்குச் செலுத்தினர். மனம் விரும்பினால் உண்டியலில் போடும் காணிக்கை அன்று இது. முறைப்படி வசூலிக்கப்பட்ட பங்கு. இப்படிச் சேர்ந்த கோயில் பணம் மீண்டும் நிறுவனங்களில் வட்டிக்கு வைக்கப்பட்டது. அதாவது, முருகன் அருள் தருபவர் மட்டுமல்லர். முதல் போட்டவரும் ஆவார்!

கோயில் வெறும் வழிபாட்டு இடமாகவும் இருக்கவில்லை. இரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடித்தான் 'நடப்பு வட்டி' விகிதத்தை முடிவு செய்தார்கள். தங்களுக்குள் எழுந்த வழக்குகளையும் அங்கேயே பேசித் தீர்த்தார்கள். தாயகத்தில் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது நகரக் கோயில்கள் உள்ளன. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இவற்றுள் ஒன்றைச் சேர்ந்தது. திருமணத்திற்கும் அந்தக் கோயிலிலிருந்து மாலை வரவேண்டும். வாக்குத் தவறியவர் கடையில் மட்டும் பெயர் கெடமாட்டார். கோயிலிலும் உறவிலும் கெடுவார். கடல் கடந்த ஊரில், முன்பின் பார்க்காத ஒருவர் எழுதிய உண்டியலை நம்பிப் பணம் கொடுக்க இந்தக் கட்டுப்பாடே துணை நின்றது.

இன்றும் தைப்பூசத்திற்கு முன்தினம் பினாங்கில் வெள்ளித்தேர் ஜார்ஜ் டவுன் வணிக வீதிகள் வழியே தண்ணீர்மலைக்குச் செல்கிறது. வழிநெடுகச் சீனர்களும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள். சாமி கடை வாசலுக்கே வருகிறார்; வணிகர்கள் வணங்குகிறார்கள். இதைவிடத் தெளிவாக வேறெப்படிச் சொல்வது?

பாட்டி சொன்ன மறுபக்கம்

ஆனால், கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது ஐந்தொகை ஆகாது. 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலையும் இரப்பர் விலையும் சரிந்தன. கடன் வாங்கியவர்களால் திருப்ப முடியவில்லை. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காட்டு நிலமே நகரத்தார் கையில் இருந்தது. 1938-இல் அது 25 விழுக்காடானது. பெரும்பாலானோர் நிலத்தைத் தேடிப் போகவில்லை. பணத்திற்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. ஆனால், நிலத்தை இழந்த உழவருக்கு இந்த வேறுபாட்டால் என்ன பயன்? மலாயாவிலும் மலாய்க்காரர் நிலம் கைமாறும் என்ற அச்சம் எழுந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1913-இல் வந்த ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1933-இல் இறுக்கப்பட்டது. ஜொகூரில் 1936-இல் தனிச் சட்டம் வந்தது.

பர்மாவில் குவிந்த செல்வமும் நிலைக்கவில்லை. 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது பலர் எல்லாவற்றையும் விட்டு ஓடினர். 1948-இல் பர்மா விடுதலை பெற்ற பின் நிலங்கள் அரசுடைமையாயின.

குறை எங்கே? வணிகத்தைப் புனிதமாகக் கருதியதில் இல்லை என்பதே என் கருத்து. கோயிலில் கூடி வட்டி விகிதத்தை முடிவு செய்த அவையில் கடன் கொடுப்பவர்கள் எல்லாரும் இருந்தார்கள். கடன் வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. கடவுள் முன்னிலையில் ஒருவருக்கொருவர் காட்டிய நேர்மை, தம் வட்டத்தோடு நின்றுவிட்டது.

நமக்கு என்ன?

அதே நேரத்தில், அந்தச் செல்வத்தில் ஒரு பகுதி எல்லாருக்கும் பயன்பட்டதையும் மறக்கக்கூடாது. அண்ணாமலை செட்டியார் 1929-இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டார். அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மகமையின் எண்ணம் கோயில் மதிலைத் தாண்டியபோது அது கல்வியாகியது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, பணத்தாசை தீது என்று படித்தேன். தேசிய இடைநிலைப்பள்ளியில் வணிகப் பாடம் எடுத்தேன். அங்கே இலாபம் எப்படிக் கணக்கிடுவது என்று படித்தேன். இரண்டும் என் மனத்தில் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. அடுத்த ஆண்டு பட்டம் பெற்றதும் சொந்தத் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, "நமக்கெதற்கு அந்த ஆசை?" என்றுதான் கேட்டார்கள். தோட்டப்புறத்திலிருந்து வந்த நம்மில் பலர் வீட்டில் இக்கேள்வி எழுந்திருக்கும்.

திருவள்ளுவர் 133 அதிகாரங்களில் 70 அதிகாரங்களைப் பொருட்பாலுக்குத் தந்தார். ஆனால், அறத்துப்பாலை அதற்கு முன்னே வைத்தார். ஆசைப்படுவது குற்றமன்று, நண்பர்களே. நம் முதல் பேரேட்டில் பிள்ளையார் சுழி இருக்கட்டும். மகமைக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்கு அடுத்த பக்கத்தில், நம்மிடம் வாங்குபவருக்கும் நம்மிடம் வேலை செய்பவருக்கும் நாம் பட்டிருக்கும் கடனையும் எழுதுவோம். அந்தக் கணக்கும் சரியாக இருந்தால், என் பாட்டியும் குறை சொல்லமாட்டார்.