ஸ்லைடில் தெரியும் நீலப் புள்ளிகள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் தொழிற்சாலை ஷிஃப்ட் பஸ்கள் நிற்காமல் ஓடுகின்றன. ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இந்த வட்டாரத்தின் பெண் தொழிலாளர்களில் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் அரிது. வந்தால், ‘ட்ரிபிள் நெகட்டிவ்’ வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் இல்லாததால், ஹார்மோன் மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. இந்தியாவில் மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இந்த வகைதான்.

கட்டியிலிருந்து எடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, இரண்டு சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். திசு இளஞ்சிவப்பாகத் தெரியும். நடுவே கடுநீலப் புள்ளிகள். அவை லிம்போசைட்டுகள், புற்றை எதிர்க்கக் கட்டிக்குள்ளேயே புகுந்துவிட்ட எதிர்ப்பணுக்கள். புற்றணுக் கூட்டங்களுக்கு இடையிலுள்ள திசுப் பரப்பில் எத்தனை சதவீதத்தை அவை பிடித்திருக்கின்றன என்று நோயியல் மருத்துவர் கண்ணாலேயே மதிப்பிடுவார். இதுதான் ‘டில்’ அளவு. தனிச் சாயம், புது இயந்திரம் எதுவும் வேண்டாம்.

கீமோ இல்லாமல் சிகிச்சை பெற்ற, ஆரம்ப நிலை ட்ரிபிள் நெகட்டிவ் நோயாளிகள் 1,966 பேரின் விவரங்களை ஆராய்ந்த பன்னாட்டு ஆய்வு 2024இல் வெளியானது. முதல் நிலைக் கட்டியில் டில் 50 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடு இருந்தோர் 95 சதவீதம். 30 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தவர்களில் 82. இதைப் படித்துவிட்டு யாரும் கீமோவை நிறுத்திவிட வேண்டாம்! அந்த முடிவுக்கு இந்த ஓர் ஆய்வு போதாது. ஹார்மோன் ஏற்பி உள்ள கட்டிகளிலோ கணக்கே வேறு. அங்கே டில் கூடுவது நல்ல சகுனம் என்று சொல்ல முடியாது.

ட்ரிபிள் நெகட்டிவ் என்றால் ரிப்போர்ட்டில் டில் அளவையும் குறிக்க வேண்டும் என்று மார்பகப் புற்றுநோய்க்கான செயின்ட் காலன் நிபுணர் மாநாடு 2019லேயே பரிந்துரைத்தது. செலவில்லாத ஒரு வரியை எழுதத் தயங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அடையாறில் 1954 முதல் கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. எங்கே சிகிச்சை பெற்றாலும், பயாப்சி ரிப்போர்ட்டில் ட்ரிபிள் நெகட்டிவ் என்று இருந்தால், “டில் எத்தனை சதவீதம் டாக்டர்?” என்று கேளுங்கள். மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும், அடுத்த வார விடுமுறைக்காகக் காத்திருக்காதீர்கள்.