இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் அழற்சிக் குறிப்பான்கள்

இடுப்பு மூட்டுத் தேய்மானம் (இடுப்பு எலும்பு மூட்டழற்சி) உள்ளவர்களின் உடலில் அழற்சி எந்த அளவில் உள்ளது என்பதை அறிய உதவும் குருதி அளவீடுகள் அழற்சிக் குறிப்பான்கள் எனப்படும். செங்குருதியணு படிவு வீதம் (ஈ.எஸ்.ஆர்.), சி-எதிர்வினைப் புரதம் (சி.ஆர்.பி.) ஆகியன இவற்றுள் பரவலாக அளக்கப்படுவன. இந்நோயில் இவை பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே உயர்ந்தோ காணப்படும். எனவே இவை இந்நோயை உறுதிசெய்வதைவிட, அழற்சி மிகுந்த பிற நோய்களை விலக்குவதற்கே முதன்மையாகப் பயன்படுகின்றன.

மூட்டில் நிகழும் அழற்சி

தொடை எலும்பின் உருண்டையான தலையும் இடுப்பெலும்பின் கிண்ணக்குழியும் சேர்ந்து இடுப்பு மூட்டை அமைக்கின்றன. இதன் தேய்மானம் வெறும் உராய்வின் விளைவு என்றே முன்னர் கருதப்பட்டது. குருத்தெலும்பு சிதையும்போது வெளிப்படும் சிறு துகள்கள் மூட்டின் உள்சவ்வை உறுத்துகின்றன. அச்சவ்விலிருந்து இண்டர்லியூக்கின்-6 போன்ற சைட்டோகைன்கள் சுரக்கின்றன. இவ்வழற்சி பெரும்பாலும் மூட்டுக்குள்ளேயே அடங்கி நிற்பதால் குருதியில் அதன் தடயம் குறைவாகவே தென்படும். பல மூட்டுகளை ஒரே காலத்தில் தாக்கும் முடக்கு வாதத்தில் இக்குறிப்பான்கள் பெரும்பாலும் தெளிவாக உயர்ந்திருக்கும்.

முதன்மையான குறிப்பான்கள்

செங்குருதியணு படிவு வீதம்: உறையாமல் காக்கப்பட்ட குருதியை நிலைக்குத்தான குழாயில் வைத்தால், ஒரு மணி நேரத்தில் செங்குருதியணுக்கள் எத்தனை மி.மீ. கீழிறங்குகின்றன என்பதே இவ்வளவாகும். அழற்சியின்போது பைபிரினோசன் மிகுவதால் அணுக்கள் நாணய அடுக்குப் போல ஒட்டிக்கொண்டு விரைவாகப் படிகின்றன. முதுமை, குருதிச்சோகை, கருவுற்ற நிலை ஆகியவற்றிலும் இது உயரும்.

சி-எதிர்வினைப் புரதம்: இண்டர்லியூக்கின்-6 இன் தூண்டலால் கல்லீரல் உற்பத்தி செய்யும் புரதம். 1930 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டிலெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகியோர் இதனைக் கண்டறிந்தனர். குருதியில் இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 19 மணி நேரம் ஆதலால், அழற்சி தணிந்தவுடன் இதன் அளவும் விரைந்து குறையும்.

நோயறிதலில் பங்கு

1991 இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி இந்நோய்க்கான வகைப்பாட்டு அளவுகோல்களை வெளியிட்டது. அவற்றுள் ஒரு முறைப்படி, இடுப்பு வலியுடன் பின்வரும் மூன்றில் இரண்டேனும் இருத்தல் வேண்டும்:

* படிவு வீதம் மணிக்கு 20 மி.மீ. இற்குக் குறைவாக இருத்தல்
* எக்ஸ்-கதிர்ப் படத்தில் எலும்பு முளைகள் தென்படல்
* எக்ஸ்-கதிர்ப் படத்தில் மூட்டு இடைவெளி குறுகியிருத்தல்

இங்கு குறைந்த அளவே நோய்க்குச் சான்றாகக் கொள்ளப்படுவது குறிப்பிடத்தக்கது. மாறாக, காய்ச்சலும் கடும் இடுப்பு வலியும் உள்ள ஒருவருக்கு இவ்வளவுகள் மிக உயர்ந்திருந்தால் மூட்டில் நோய்த்தொற்று உள்ளதா என உடனடியாக ஆராய வேண்டும். தொற்று, குருத்தெலும்பைச் சில நாட்களிலேயே அழிக்கக்கூடியது.

வரம்புகள்

கொழுப்புத் திசுவும் இண்டர்லியூக்கின்-6 ஐச் சுரப்பதால், உடற்பருமன் உள்ளவர்களில் மூட்டு நோய் இல்லாமலேயே சி.ஆர்.பி. சற்று உயர்ந்திருக்கலாம். பல்லில் ஏற்படும் தொற்று, சிறுநீர்த்தொற்று போன்றவையும் இதனை உயர்த்தும். இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு உட்பட்டோரிடம் ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், வலியின் கடுமைக்கும் சி.ஆர்.பி. அளவுக்கும் தொடர்பு காணப்பட்டது. ஆயினும் தனியொருவரின் குருதி அளவைக் கொண்டு அவரது மூட்டு எவ்வளவு தேய்ந்துள்ளது எனக் கூற இயலாது. குருதி முடிவு இயல்பாக இருப்பதால் வலி இல்லை என்றோ, நோய் இல்லை என்றோ பொருள்கொள்ளலாகாது.

அறுவை மருத்துவத்திற்குப் பின்

இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின் சி.ஆர்.பி. இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் உச்சமடைந்து, சில வாரங்களில் இயல்புக்குத் திரும்பும். படிவு வீதம் தணிய மாதங்கள் ஆகலாம். குறைந்த சி.ஆர்.பி. மீண்டும் உயருமாயின் செயற்கை மூட்டில் தொற்று ஏற்பட்டிருக்கலாம் என ஐயுற வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* முடக்கு வாதம்
* குருத்தெலும்பு
* அழற்சி